மேஜருக்கு எடுத்த அளவு

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும், மாடியில் அத்தையும் உடம்பால் நலமாக இருக்கிறோம், அங்கே நீ உடம்பாலும் மனதாலும் நலமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. உடம்பால் என்று நான் பிரித்து எழுதியதுமே உனக்கு மூக்கில் வியர்த்திருக்கும், கொஞ்சம் பொறு, வரிசையாக வருகிறேன். அம்மாவின் முழங்கால் இப்போது படி ஏற விடுகிறது, இறங்கும்போதுதான் முணுமுணுக்கிறது. கடையில் வேலைக்குக் குறைவில்லை, ஒரு செக்யூரிட்டி கம்பெனிக்கு நாற்பது செட் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது பேரையும் நிறுத்தி அளவெடுத்ததில் முப்பது பேர் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒளித்துக்கொண்டார்கள், நான் டேப்பைச் சுற்றிப் பிடித்தபடியே சம்பளம் ஒழுங்காகத் தருகிறார்களா என்று பேச்சுக் கொடுத்தேன், பெருமூச்சு விட்டார்கள், வயிறு வெளியே வந்தது, எழுதிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். ஆள் பொய் சொல்வான், டேப் சொல்லாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேனே, அந்தப் பீற்றலுக்கெல்லாம் சேர்த்து இந்தத் தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய், அத்தை ஏன்பா ரெண்டு வார்த்தை பேசிட்டு வெச்சுடறாங்க, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா என்று. தொண்டை கட்டியிருக்கு என்று நான் சொன்னது பொய். தொண்டையும் நன்றாக இருக்கிறது, நீயும் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு செய்தது நான். அதைப் போனில் சொல்ல முடியாது, இந்த வீட்டுச் சுவர்களைப் பற்றி உனக்குத் தெரியும், மாடியில் ஒரு டம்ளரை வைத்தால் இங்கே நம் காதில் வைத்த மாதிரி இருக்கும். போனிலேயே எழுதி அனுப்பலாம் என்றால், இனிமேல் யாருக்காகவும் அந்தப் போனைத் தொட்டு ஒரு எழுத்து அடிக்கக் கூடாது என்று உன் அம்மா எனக்குத் தடை போட்டிருக்கிறாள். ஏன் என்பது படித்தால் புரியும். அதனால்தான் தபாலில் வருகிறேன்.

அத்தைக்கு இந்த வருஷம் நடுவில் போனில் ஒரு நட்பு அழைப்பு வந்தது. படத்தில் ராணுவ உடையில் ஒரு மனிதர், ஆறடி உயரம், கழுத்து காளைமாட்டுக் கழுத்து, தோளில் பட்டை, மார்பில் வண்ண வண்ணமாய்ச் சின்னங்கள். மேஜராம். அம்மா நம் மொழிக்காரியாம், இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் வெளியிலாம், இப்போது எங்கேயோ அமைதிப் படையில் இருக்கிறாராம், மனைவி இறந்து ஆறு வருஷமாம். உன் மாமா போய் ஒன்பது வருஷம் ஆகிறது, அத்தை ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் பழைய நோயாளிகளின் ஃபைல்களுக்கு நடுவில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து மாடி ஏறுவாள், அவ்வளவுதான் அவள் நாள். மேஜர் காலை வணக்கம் என்று பூ அனுப்புவார், இவளும் வணக்கம் என்று போடுவாள். சாப்பிட்டீர்களா என்பார், ஆமாம் என்பாள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அவள் பாட்டுக்கு விட்டிருந்தால் ஆமாம், சரி, வணக்கம் என்ற மூன்று வார்த்தையிலேயே அந்த மேஜர் சலித்துப்போய் வேறு தெருவுக்குப் போயிருப்பார். அத்தை பேச்சில் எவ்வளவு சிக்கனம் என்று உனக்குத் தெரியாதா. அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. ஒரு மாதம் போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நம் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது, என்னன்னு பாரேன்டா தம்பி, சாப்பிட்டேன்னு மட்டும் போட்டுடு என்றாள்.

நான் சாப்பிட்டேன் என்று மட்டும் போட்டிருக்க வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்குக் கையில் ஒரு போனும், மறுமுனையில் படிக்க ஒரு ஆளும் கிடைத்தால் என்ன ஆகும், கரும்புத் தோட்டத்தில் யானை புகுந்த கதைதான். சாப்பிட்டேன், ஆனால் தனியாகச் சாப்பிடும் சாப்பாட்டுக்கு உப்பு இருந்தும் சுவை இல்லை என்று போட்டேன். அங்கிருந்து பத்து வரி வந்தது. படித்துக் காட்டினேன். அத்தை கறுப்புக் கண்ணாடிக்குள்ளே சிரித்தாள் பாப்பா. ஒன்பது வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு அது. அவள் ஒரு வரி சொன்னால் நான் நாலு வரியாக்கினேன். மேஜரும் லேசுப்பட்டவர் இல்லை, எனது அன்பான பெண்மணியே, தாங்கள் மதிய உணவை உட்கொண்டீர்களா, தங்களின் எழுத்து எனது இதயத்தைத் தாக்குகிறது என்று எழுதுவார். என்னடா இது, நோட்டீஸ் மாதிரி பேசறார் என்று அத்தைக்கே சந்தேகம் வந்தது. ராணுவத்தில் எல்லாமே விறைப்புதான் அக்கா, பேச்சையும் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார் என்று நான்தான் விளக்கம் கொடுத்தேன். முகத்தைக் காட்டிப் பேச முகாமில் அனுமதி இல்லை, எதிரி கண்டுபிடித்துவிடுவான் என்று அவர் சொன்னதற்கு, எதிரிக்கு வேற வேலை இல்லையா, அண்ணி முகத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பானா என்று உன் அம்மா மட்டும் கேட்டாள். அவளை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அடக்கினோம். அதற்கு அவள் சொன்ன பதிலை எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன். கட்டிக்கிட்டு வந்து இருபத்தெட்டு வருஷமாச்சு, எனக்கு ஒரு வரி எழுதினது கிடையாது, முன்ன பின்ன தெரியாத மேஜருக்குப் பக்கம் பக்கமா எழுதறீங்களே, பேசாம நீங்களே அவரைக் கட்டிக்கோங்க என்றாள்.

ஒரு மாதம் கழித்து அத்தைக்குக் கண்ணாடி வந்துவிட்டது, நன்றாகப் படிக்கிறாள். அப்போதாவது போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் மிஷினுக்குப் போயிருக்கலாம். இப்போ நான் எழுதினா வேற ஆளுன்னு கண்டுபிடிச்சுடுவார்டா, நீயே எழுது என்றாள். எனக்கும் உள்ளுக்குள் அதுதான் வேண்டியிருந்தது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. தங்களைப் போல் எழுதுகிற ஒருவரை என் வாழ்நாளில் கண்டதில்லை என்று அவர் எழுதும்போது அது அத்தைக்கு வந்தது என்பதே எனக்கு மறந்துவிடும். டீக்கடையில் உட்கார்ந்து, அக்காவுக்கு ஒரு மேஜர் அமைஞ்சிருக்கார் என்று சொல்லாத ஆள் பாக்கி இல்லை. இதற்கு நடுவில் மேஜருக்கு லீவு வேண்டுமாம், அதற்குக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிற பெண் தலைமையிடத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கட்டணமும் கட்ட வேண்டுமாம். சிரிக்காதே, அந்த விண்ணப்பத்தை எழுதியதும் நான்தான். மாண்புமிகு தளபதி அவர்களுக்கு, மேற்படி மேஜர் அவர்கள் தொடர்ந்து நாட்டுக்காக உழைத்துவருவதைக் கருத்தில் கொண்டு என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம். அத்தை பணத்தைக் கட்டிவிட்டு வந்து, நல்லா எழுதியிருக்கேடா என்று என் முதுகில் தட்டினாள்.

இனிமேல்தான் கதையே. வருகிற மனிதருக்கு நம் கையால் ஒரு கோட்டு தைத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அளவு கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், தங்கள் அன்பே போதும் என்றார். விடுவேனா, அன்பை உடுத்திக்கொண்டு வெளியே போக முடியாது, அளவு அனுப்புங்கள் என்று எழுதினேன். பெரிய சைஸ் என்றார். பெரிய சைஸ் என்பதெல்லாம் ரெடிமேட் கடைக்காரன் பேச்சு, எனக்குப் பிடிக்காது. ஒரு கயிறு எடுத்துக்கொள்ளுங்கள், அக்குளுக்குக் கீழே சுற்றுங்கள், ஒரு விரல் உள்ளே விடுங்கள், அந்தக் கயிற்றை ஸ்கேலில் வைத்துப் பாருங்கள், தோளுக்கு இப்படி, கைக்கு இப்படி என்று பாடமே நடத்தினேன். மூன்று நாள் சத்தம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவு வந்தது. மார்பு முப்பத்திரண்டே கால். இடுப்பு இருபத்தாறரை. தோள் பதினைந்தே முக்கால். கழுத்து பதின்மூன்று. கை இருபத்து மூன்றரை. அளவு நோட்டில் எழுதிவிட்டு நானே சிரித்தேன், பாவம், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த மனுஷனுக்குக் கயிறு பிடிக்கத் தெரியவில்லை என்று. மறுபடி எடுக்கச் சொன்னேன். திங்கட்கிழமை வந்தது, ஒன்றிரண்டு இடத்தில் கால் இஞ்சு வித்தியாசம், மற்றபடி அதே அளவு. அன்று மத்தியானம் பிரவுன் பேப்பரை மேஜை மேல் விரித்து அந்த அளவுக்கு வரைந்து வெட்டினேன். வெட்டி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவன் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

உனக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அளக்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவன் முழுசாகச் சொல்வான், நாற்பது, நாற்பத்திரண்டு என்று. கால் இஞ்சும் அரை இஞ்சும் சொல்கிறவன் உண்மையிலேயே கயிற்றைச் சுற்றிப் பார்த்தவன். இத்தனை மாதத்தில் அந்த ஆள் எங்களிடம் சொன்ன ஒரே நிஜம் அந்த ஐந்து எண்கள்தான். அந்த எண்களுக்குள் ஆறடியும் இல்லை, காளைமாட்டுக் கழுத்தும் இல்லை. ஒல்லியான, குட்டையான, எலும்பு தெரிகிற ஒரு உடம்பு இருந்தது. ஆணா பெண்ணா, என்ன வயசு, ஒன்றும் தெரியாது, ஆனால் மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பிடுகிற உடம்பு இல்லை. ஏன் உண்மை அளவைக் கொடுத்தார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். என் தொல்லை தாங்காமல் இருக்கலாம். அல்லது, ஒரு கோட்டு கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அந்த உடம்புக்கும் ஒரு நிமிஷம் தோன்றியிருக்கலாம்.

அன்றைக்கே மாடி ஏறிப்போய் அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டும். பதினாலு படி. நான் ஏறவில்லை. நாளைக்குச் சொல்லலாம், சாயந்திரம் சொல்லலாம் என்று எட்டு நாள் ஓட்டினேன். அவளுக்கு மனசு உடைந்துவிடும் என்று பயந்தேன் என்று உன்னிடம் எழுதினால் நான் நல்லவனாகத் தெரிவேன், ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி வெட்கம். எழுதினது நான், விளக்கம் சொன்னது நான், ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது நான். மேஜர் பொய் என்றால் என் எழுத்தை அத்தனை புகழ்ந்ததும் பொய்தானே பாப்பா. அந்தப் புகழ்ச்சியைக் கைவிட மனசு வரவில்லை. இப்படி நான் குட்டி போட்ட பூனை மாதிரி கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்த அந்த வியாழக்கிழமை அத்தை பேங்க்குக்குப் போனாள். மேஜரின் பெட்டிகள் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டனவாம், எடுக்கப் பணம் கட்ட வேண்டுமாம். அந்தச் செய்தியை அவளே படித்து, என்னிடம் சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் போய்க் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். முதல் தடவையை விட நாலு மடங்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் அரை நாள் லீவு போட்டு நேராகக் கடைக்கு வந்தாள். கையில் ஒரு வெள்ளைத்தாள். வேலையை விடறேன்டா, இன்னும் ஒரு வருஷம்தானே, டெபாசிட்டையும் எடுத்துடலாம்னு இருக்கேன், அவர் வந்தா அலைய நேரம் வேணும், நீ நல்ல தமிழில ஒரு ராஜினாமா எழுதிக் கொடு என்று பேனாவை என் கையில் வைத்தாள். பேனாவை வாங்கிவிட்டேன். ஐயா என்று எழுதிவிட்டேன் கூட. அதற்கு மேல் கை போகவில்லை. எழுந்து போய், சுருட்டி வைத்திருந்த பிரவுன் பேப்பரைக் கொண்டுவந்து மேஜை மேல் விரித்தேன். அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள், யாருக்குடா இது, பத்தாம் கிளாஸ் பையனுக்கா என்று. மேஜருக்கு அக்கா என்றேன். அளவு தப்பா எடுத்திருப்பார், அவருக்கென்ன தெரியும் என்றாள். ரெண்டு தடவை கேட்டேன்க்கா, கால் இஞ்சு பிசகாம சொல்லியிருக்கார் என்றேன். அவள் போனை எடுத்து, அந்தப் படத்தைத் திறந்து, பேப்பருக்குப் பக்கத்தில் வைத்தாள். படத்தைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள். ரெக்கார்டு ரூமில் முப்பது வருஷம் இருந்தவள் இல்லையா, ஃபைல் ஒருத்தருது, ஆள் வேற என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம் கேட்டாள், உனக்கு எப்போடா தெரியும்? திங்கட்கிழமை என்றேன். நேத்தா என்றாள். இல்லை, போன திங்கட்கிழமை என்றேன். நான் வியாழக்கிழமை பேங்க்குக்குப் போனேன் என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் அந்த வெள்ளைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திட்டக்கூட இல்லை, மாடிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அவளே கிளம்பினாள், போலீஸுக்குப் போகணும், வா என்று. எழுதியதையெல்லாம் காகிதத்தில் எடுத்து வரச் சொன்னார்கள், ஜெராக்ஸ் கடைக்காரர் நூற்று அறுபது பக்கம் எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, சார் நாவலா என்று கேட்டார். ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி, உன் வயசுதான் இருக்கும், பொறுமையாகப் படித்தார். இந்த மாதத்தில் இது ஆறாவது கேஸாம், அதில் இரண்டு பேர் ஆண்களாம், ஒருத்தர் கணக்கு வாத்தியாராம், அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, கணக்கே தப்பும்போது தையல் எம்மாத்திரம். பத்துப் பக்கம் போனதும் அவர் நிமிர்ந்து, ரொம்ப அழகா எழுதறீங்கம்மா என்று அத்தையிடம் சொன்னார். அத்தை என் பக்கம் விரலைக் காட்டினாள், அது நான் இல்லம்மா, இவன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார், அறையில் இருந்த மற்ற இரண்டு போலீஸும் பார்த்தார்கள். நூற்று அறுபது பக்கக் காதலுக்கும் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. எல்லாப் பக்கத்திலும் போடுங்க சார் என்றார்கள். போட்டேன். கடைசியாக ஒரு படிவத்தில், அந்த ஆள் உங்களுக்கு என்ன உறவும்மா என்று கேட்டார். சாப்பிட்டியான்னு தினமும் கேட்ட ஆளுன்னு எழுதிக்கோம்மா என்றாள் அத்தை. அந்தப் பெண் படிவத்தில் அறிமுகமானவர் என்று எழுதினார். முதலில் போன பணம் போனதுதானாம், இரண்டாவதில் ஒரு பங்கை நடுவழியில் நிறுத்த முடிந்திருக்கிறது, வந்தாலும் வருமாம். கட்டின அன்னிக்கே வந்திருந்தா முழுசும் நிறுத்தியிருக்கலாம் என்று அவர் சும்மா சொல்லிவிட்டுப் போனார். அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் எனக்குச் சுட்டது.

நகல் ஒன்று எங்களுக்கும் கொடுத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அத்தை அந்தக் கட்டைப் பிரித்தாள், பையிலிருந்து பென்சில் எடுத்து அங்கங்கே ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டாள். என்னக்கா பண்றே என்றேன். எது நான் சொன்னது, எது நீ சேர்த்தது, பிரிச்சு வெச்சுக்கிறேன் என்றாள். பக்கத்துக்கு ஒரு வரி தேறினால் அதிகம். ஒரு இடத்தில் பென்சில் நின்றுவிட்டது. அங்கே நான் எழுதியிருந்தது இது, என் இதயக் கதவின் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறேன். அப்போது எனக்கு அது உலகத்தின் முதல் உவமை மாதிரி இருந்தது. அத்தை சொன்னாள், நான் இதயம்னு சொல்லலடா. வேலை விட்டு வந்தா பூட்டை நானேதான் திறக்கணும், அதுதான் ஒரு மாதிரியா இருக்குன்னு சொன்னேன். நீ இதயம்னு போட்டே.

அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது பாப்பா. கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் காதுக்குத்தான் சொன்னாள். இதை எப்படி அழகாக மாற்றுவது என்று யோசித்தேனே தவிர, என் கூடப் பிறந்தவள் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்கு உறைக்கவே இல்லை. எங்கேயோ இருந்த அந்தத் திருட்டு ஆளுக்கு, என் அலங்காரத்தையும் தாண்டி, உறைத்திருக்கிறது. அதற்கப்புறம் தினமும் ஆறு மணிக்கு, தாங்கள் இல்லம் வந்து சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார், அந்த நகலில் எல்லாம் இருக்கிறது, தவறாமல் ஆறு மணிக்கு. அவள் படியேறுகிற சத்தத்தைக் கீழே கேட்டுக்கொண்டிருந்த நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தோம்.

அன்றிலிருந்து இருபத்திரண்டு நாள் அத்தை என்னோடு பேசவில்லை. அம்மாவோடு பேசுகிறாள், வேலைக்குப் போகிறாள், அந்த ராஜினாமாத் தாள் கிழிந்து குப்பைக் கூடையில் கிடந்தது, நான் எழுதாமல் விட்டதில் உருப்படியானது அது ஒன்றுதான். ஆறு மணிக்கு நான் போய்ப் படிக்கட்டருகே நின்று பார்த்தேன், வாட்ச்மேன் வேலையா பாக்கறார் உன் புருஷன் என்று அம்மாவிடம் கேட்டாளாம். இருந்தாலும் நிற்கிறேன். இப்போது அம்மாதான் மாடிக்குப் போய்க் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு வருகிறாள், நான் திறந்தால் பிராயச்சித்தம் மாதிரி தெரியும், வேண்டாம் என்கிறாள், அவள் சொல்வது சரிதான். அந்த ஆளிடமிருந்து இடையில் நிறையச் செய்தி வந்தது, கெஞ்சல், மிரட்டல், எல்லாம். பதில் போடக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டார்கள், போடவில்லை. கடைசியாக வந்தது ஒரே வரி, கோட்டு தைத்தாகிவிட்டதா என்று. பணம் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கணக்கே காணாமல் போய்விட்டது. ஏமாற்றினவரை நினைத்து நான் பரிதாபப்படவில்லை, அக்காவின் ஒன்பது வருஷச் சேமிப்பில் கை வைத்தவர் அவர், ஆனாலும் வேறு யாருக்காவது முப்பத்திரண்டே கால் மார்புக்கு அளவெடுத்தால் கை ஒரு நொடி நின்றுவிடுகிறது. பிரவுன் பேப்பரை அம்மா அலமாரித் தட்டில் விரித்துவிட்டாள், நல்ல கனமான பேப்பர், வீணாக்க வேண்டாமாம்.

உனக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அத்தைக்குப் போன் செய்து, இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது. டீக்கடைக்காரர் அப்படித்தான் கேட்டார். தேவை எந்த வயசுலதான்யா இல்ல, அவளை ஏமாத்தினது ஒருத்தன், அவனுக்கு எழுதிக் கொடுத்தது நான், சிரிக்கிறதா இருந்தா என்னைப் பாத்துச் சிரி என்றேன். சிரித்தார், அதையும் குறை சொல்ல முடியாது. நீயும் தனியாக இருக்கிறாய். யாராவது தினமும் சாப்பிட்டாயா என்று கேட்டால், கேட்கட்டும், நல்லதுதான், ஆனால் ஒரு நாள் எதிரில் வந்து உட்கார்ந்து கேட்கச் சொல். வர முடியாததற்கு அவர் காரணம் சொன்னால் அந்தக் காரணத்தை நீயாக அழகுபடுத்தாதே, அந்தப் புத்தி உனக்கு என்னிடமிருந்து வந்திருக்கலாம், அதனால் சொல்கிறேன். யாருமே கேட்காத நாள் என்றால் எங்களைக் கூப்பிடு. நாங்களும் இனிமேல் முதலில் அதைத்தான் கேட்போம், சம்பளம் என்ன, மேனேஜர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அப்புறம்.

இந்தக் கடிதத்தை எழுத நேற்று முன்தினம்தான் தைரியம் வந்தது. மத்தியானம் நான் யூனிஃபார்ம் சட்டைகளின் பொத்தான் துளைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தபோது அத்தை கடைக்குள் வந்தாள், போன் அவள் கையில் இருந்தது. ஒரு வரி அடிச்சு முடிச்சா அடுத்த வரிக்கு எப்படிடா போறது என்று கேட்டாள். இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு அது. போனை என் பக்கம் நீட்டினாள், வாங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, கீழே வலது பக்கம் வளைஞ்ச அம்பு மாதிரி ஒண்ணு இருக்கும்க்கா, அதை அழுத்து என்றேன். அழுத்தினாள். போயிடுச்சு என்றாள். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒற்றை விரலால், ரொம்ப நேரம் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை பெருமூச்சு விட்டாள், ஒரு தடவை தனக்குத்தானே சிரித்தாள். நான் நூலைக் கோத்துக்கொண்டே இருந்தேன், அரை மணி நேரத்தில் ஒரு காஜாகூட முடியவில்லை.

உனக்குத்தான் எழுதுகிறாளாம், அம்மா சொல்லித் தெரியும். இன்னும் முடிக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வந்தாலும் வந்திருக்கும். உடனே பதில் போடு பாப்பா, அவள் எழுதியது சின்னதாக இருந்தால் நீயும் சின்னதாகவே போடு. அதில் என்ன இருக்கிறது என்று என்னிடம் சொல்லாதே. நான் கேட்டாலும் சொல்லாதே, கேட்பேன், என் புத்தி எனக்குத் தெரியும்.

பல் டாக்டரிடம் போவதை மறுபடி தள்ளிப்போடாதே, வலி நின்றால் பல் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. குறையில்லாமல், நிறைந்த ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

அடித்தல் திருத்தல்கள் அப்படியே இருக்க,
உன் அப்பா.